கண்ணளவு

ஸ்பேனர் நழுவி விழுந்த சத்தத்தில், ஹாலில் மாட்டியிருந்த போட்டோவின் கண்ணாடியே ஒருமுறை அதிர்ந்தது. சமையலறையின் பழைய பீங்கான் தொட்டி நடுவில் பிளந்து இரண்டாகக் கிடந்தது.

சொட்டுகிற குழாயைத் தானே சரிசெய்துவிடலாம் என்று கிளம்பியவர் தையல்காரர். ஊசி பிடிக்கிற கைக்கு ஸ்பேனர் எதற்கு என்று குழாய்க்கே தோன்றியிருக்கும். இப்போது முன்னைவிட உற்சாகமாகச் சொட்டியது.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. விளக்குமாற்றை எடுத்துச் சில்லுகளைக் கூட்டினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகக் காபி கேட்டிருப்பார்.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாம். எந்த மாதிரி வேணும் உனக்கு?"

"உங்க இஷ்டங்க."

எதைக் கேட்டாலும் இதே பதில்தான். திரைச்சீலை நிறமா, உங்க இஷ்டம். மத்தியானச் சமையலா, உங்க இஷ்டம். சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நடந்துகொள்கிறாளே என்று அவருக்கு வெகுநாளாக மனக்குறை. இந்தத் தொட்டி விஷயத்திலாவது 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

கடையில் எவர்சில்வர் தொட்டிகள் சுவரோரமாகப் பளபளத்தன. "அளவு எடுத்துட்டு வந்தீங்களா சார்?" என்றார் கடைக்காரர்.

"டேப்பே வேண்டாங்க. முப்பது வருஷமா ஆளைப் பார்த்தே சட்டை வெட்டறவன் நான். ஒரு சட்டை திரும்பி வந்ததில்ல."

ஒன்றிரண்டு வந்ததுண்டு. போட்டவர்கள் இடையில் பெருத்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி.

கண்ணை மூடினார். உடனே தொட்டிக்கு முன்னால் நிற்கிற அவள் முதுகு தெரிந்தது. இடது கை விறுவிறுவென்று தேய்க்கிறது, கழுவியதை இடது பக்கமே கவிழ்க்கிறது. முழங்கை நிற்கும் உயரம்கூட அச்சாகத் தெரிந்தது. முகம் மட்டும் திரும்பவே இல்லை. பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. கடையின் மின்விசிறியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"பாத்திரம் வடிய வைக்கிற தட்டு இடது பக்கம் இருக்கணும். என் வீட்டுக்காரிக்கு இடது கைப் பழக்கம்."

"குடுத்துவச்சவங்க சார் அவங்க! என் சம்சாரத்துக்கு எந்தக் கைன்னு இன்னிக்கு வரைக்கும் நான் கவனிச்சதே இல்ல. ஓங்கும்போது எந்தக் கைன்னா பார்த்துட்டு நிக்க முடியும்?"

மறுநாள் காலையிலேயே பிளம்பர் வந்துவிட்டார். மெயின் குழாயை மூடி, பழசைப் பெயர்த்துப் போட்டார்.

"அண்ணே, எவ்வளவு உயரத்துல பொருத்தறது?"

"தரையிலேர்ந்து இருபத்தெட்டு இஞ்ச்."

"ரொம்பத் தாழ்வால்ல இருக்கும்?"

"அவ முழங்கைக்கு அதான் சரி. நீ ஓட்டையைப் போடுப்பா."

பிளம்பர் திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார். டீ போடுவதற்காக மேல்தட்டிலிருந்த சர்க்கரை டப்பாவை, ஸ்டூல் போடாமலே, நின்ற வாக்கில் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டு சுவரைத் துளைக்க ஆரம்பித்தார். புருஷன் பெண்டாட்டி நடுவில் வாயைக் கொடுக்கிற அளவுக்கு அவர் தொழிலுக்குப் புதுசில்லை.

தொட்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, வாஷர் வாங்கக் கடைக்குப் போனார். தையல்காரர் ஹாலில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

உள்ளே தேய்க்கிற சத்தம் கேட்டது. வறட், வறட் என்று வேகமாக. பிறகு டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற 'டிங்'.

"கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா? இன்னும் தண்ணியே விடலையே!" என்று சிரித்தபடி குரல் கொடுத்தார்.

"என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்று பதில் மொட்டைமாடியிலிருந்து வந்தது. அவள் அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய்ப் பார்த்தார். சமையலறையில் யாருமில்லை. புதுத் தொட்டி காய்ந்து கிடந்தது. சொட்டுகிற சத்தம்கூட இல்லை. பிளம்பர் திரும்பி வரும்வரை அவர் வாசலிலேயே காற்று வாங்கினார். பயமெல்லாம் இல்லை, உள்ளே புழுக்கம்.

வேலை முடிந்தது. "அண்ணி, வந்து புழங்கிப் பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டு, பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அவள் வந்து நின்றாள். இடுப்பை மடித்துக் குனிந்தாள். ஒரு டம்ளரைக் கழுவி, அதைத் தட்டில் கவிழ்க்கக் கையைக் குறுக்கே கொண்டுபோனபோது முழங்கை குழாயில் இடித்தது.

தையல்காரர் கதவருகில் பெருமை பொங்க நின்றிருந்தார். "எப்படி? டேப்பைத் தொடாமலே எடுத்த அளவு! இடது பக்கம் தட்டு, கைக்கேத்த உயரம். இந்த ஒரு தடவை 'உங்க இஷ்டம்'னு சொல்லாதே. பிடிச்சிருக்கா இல்லையா, நேராச் சொல்லிடு."

அவள் குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவரைத் தாண்டி, ஹாலில் மாலை போட்டு மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாள்.

"எனக்கு வலது கைதாங்க பழக்கம். இடது கை, நான் வர்றதுக்கு முன்னாடி இங்க நின்ன அக்காவுக்கு."