ஓட்டுநர் இருக்கையில் மணல்

பந்தயக் கார்கள் தாமாகவே ஓட வேண்டும், பந்தயத்தின்போது உள்ளே மனிதர் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தபின், ஜோதிலிங்கத்தின் கனத்த பழைய கார் கிளம்பும்போதெல்லாம் ஒருபக்கமாக இழுத்தது. காரணம் மெல்லத்தான் பிடிபட்டது. பின்சக்கர ஸ்பிரிங்குகளை அவர் தம் எடையையும் சேர்த்தே அமைத்திருந்தார். கார் அவரைத் தேடியது. இன்னொரு முறை தோற்றால் அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

தம் எடைக்கு ஒரு மூட்டையில் மணல் நிரப்பி, அதை ஓட்டுநர் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார். அடுத்த பந்தயத்தில் டயர்கள் தரையைக் கவ்வின. கார் நேராகப் பாய்ந்து ஜெயித்தது.

"உங்களைவிட மூட்டை நல்லா ஓட்டுதுங்ண்ணா," என்று சிரித்தாள் எதிரணி மெக்கானிக் பெனாசிர். "எறக்கிடட்டுங்களா?"

"இருக்கட்டும் கண்ணு. வீடு வரைக்கும் பேசிட்டுப் போக ஒரு ஆளாச்சு."

மூட்டையின் பெல்ட்டைச் சரிபார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். கார் தானே வீட்டுக்குக் கிளம்பியது.