முத்திரையிட்ட பை

பிரான்ஸின் நெடுஞ்சாலை ஒன்றில், தபால் வண்டிகள் குதிரை மாற்றும் நிலையத்தைக் கணவன் இறந்தபின் ஒதீல் தனியாக நடத்திவந்தாள். அன்று காலை வந்த வண்டியோட்டி ரெமி அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"போர்ல செத்தவங்க வீட்டுக்கு எழுதின கடுதாசிங்க இந்த வண்டியில வந்திருக்கு, மதாம். உங்க ஊருக்கும் ஒண்ணு இருக்காம்."

"யாருக்கு?"

"பைக்கு முத்திரை வச்சிருக்கே. நகரத்துலதான் பிரிப்பாங்க. நாளன்னிக்கு இங்க வந்துரும்."

அந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவள் மகன் லூசியான். மற்றவன் எதிர்வீட்டு பிளான்ஷின் மகன். பிளான்ஷ் வாசலில் ஏதோ பாடியபடி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். 'அவள் வீட்டுக்கே போகட்டும்' என்று ஒதீலின் மனம் ஒரு கணம் சொல்லிவிட்டது. அடுத்த கணம் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

லாயத்துக்குள் போனாள். துடிப்பான இளங்குதிரைகள் அவளைப் பார்த்துத் தலையை நீட்டின. அவற்றைத் தாண்டிப்போய், கடைசியில் நின்ற இரண்டு கிழட்டுக் குதிரைகளை அவிழ்த்து வந்தாள்.

"இதுங்களா? போய்ச் சேர ராத்திரி ஆயிடுமே, மதாம்! பை பிரிக்கிறது ஒருநாள் தள்ளிப்போயிடும்!"

"ஆகட்டும்பா," என்றாள் ஒதீல், வாரை இறுக்கியபடி. "இன்னும் ஒருநாள் ரெண்டு பசங்களும் உயிரோட இருக்கட்டும்."