முந்திக் கட்டினால்

"ஜெயா, டீச்சரம்மாவுக்கு வெள்ளி டம்ளர்ல காப்பி கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் ஆராவமுதன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். பியாட்ரிஸ் டீச்சர் ஆராவமுதனின் பிள்ளை நாணுவைப் பரீட்சை ஹாலில் துண்டுச் சீட்டோடு பிடித்த நாளிலிருந்து, டீச்சர் எதிரே வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போகிற மனிதர் அவர். பகையை ஊறுகாய் மாதிரி ஜாடியில் போட்டு வைத்திருந்தார். நாளாக ஆக ருசி கூடிற்று.

ஐம்பத்தாறில் டீச்சரின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டை அடமானம் எழுதி வாங்கிக்கொண்டு மூவாயிரம் கொடுத்தவரும் இவரே. ஐந்து வருஷக் கெடு. இரண்டே வருஷத்தில், இன்று, முதலும் வட்டியுமாக மேஜைமேல் வைத்துவிட்டார் டீச்சர். சாட்சிக்குக் கூட வந்திருந்தவர் பக்கத்து வீட்டுக் கோவிந்தப்பா, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா.

"பத்திரத்தைக் கொடுத்துடுங்க சார்."

"பேஷா. அபராதம் அறுநூறு எங்கே?"

"என்ன அபராதம்?"

"கெடுவுக்கு முந்திக் கட்டினா அறுநூறு. இல்லேன்னா இன்னும் மூணு வருஷம் வட்டி கட்டிண்டே இருங்கோ. வீடு எங்கே போயிடப்போறது?"

டீச்சரின் முகம் வெளுத்தது. "தையல் மெஷினைக்கூட வித்துட்டேன் சார். இதை அன்னிக்கு நீங்க சொல்லவே இல்லையே?"

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும். பசங்களுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுக்கறேள்?"

இந்த வாக்கியத்தை இரண்டு வருஷமாகக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். டீச்சருக்குக் கன்னடம் படிக்க வராது என்றுதானே பத்திரத்தையே கன்னடத்தில் வைத்தார்! கும்பகோணத்து மனிதர், அவருக்கும்தான் வராது. அதனாலென்ன? மைசூரில் பிறந்து படித்த பெண்டாட்டி ஜெயலக்ஷ்மி இருக்கிறாளே. தெருவில் யாருக்குக் கன்னடக் கடுதாசி வந்தாலும் அவள் கைக்குத்தான் வரும். ஒரு சுழி பிசகியிருந்தாலும் திருத்திவிட்டுத்தான் படிப்பாள்.

பத்திரம் எழுதுகிறவன் கூலி மிச்சம் என்று அவளையே எழுதச் சொன்னார். அவள் படித்துக் காட்டியபோது, அபராதம் வருகிற இடத்தில் 'முந்தே' என்று காதில் விழுந்தது. முந்தே, முந்தி, எல்லாம் ஒன்றுதான் என்று தலையாட்டிவிட்டார்.

ஜெயலக்ஷ்மி காப்பியோடு வந்தாள். கண்ணாடி வளையல்கள் சலசலத்தன. முன்பு தங்கத்தில் கிடந்த நாலும், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அந்த மூவாயிரத்தைத் திரட்ட விலைபோனது தெருவறிந்த சமாசாரம்.

"சந்தேகமா இருந்தா நீரே படிச்சுச் சொல்லுமேன்!" என்று பத்திரத்தைக் கோவிந்தப்பாவிடம் நீட்டினார் ஆராவமுதன்.

கோவிந்தப்பா இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூன்றாம் தடவையும் படித்தார்.

"சார், இதுல 'முந்தே'ன்னு இருக்குது. கன்னடத்துல முந்தேன்னா அப்பாலே. கெடு தாண்டிக் கட்டினாத்தான் அபராதம். முன்னாடி கட்டுறதுன்னா 'முன்ச்சே'ன்னு எழுதணும். டீச்சரம்மா ஒரு பைசா தர வேணாம்."

டீச்சர் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தார். பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி நீங்களும் படிச்சிருக்கணும் சார்."

இருவரும் வெளியேறி வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், ஆராவமுதன் வெடித்தார். "மைசூர்ல படிச்ச லட்சணமாடீ இது? ஒரு வார்த்தை ஒழுங்கா எழுதத் தெரியலையே! அறுநூறு ரூபாய்!"

ஜெயலக்ஷ்மி கண்ணாடி வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, காலி டம்ளரை எடுத்தாள்.

"தெரிஞ்சேதான் எழுதினேன்."