கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"புருஷன் பொண்டாட்டி மாதிரியே இல்லையாம். வர்றவங்க என் முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போறாங்க" என்றார் மேனேஜர்.

சுற்றுலாக்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பழங்காலத்து வீடு அது. சுவர் அசல், பாத்திரம் அசல், நாற்காலி அசல். கூடத்தில் கட்டிய கயிற்றுக்குள் வாழ்ந்து காட்டும் கணவன் மனைவி மட்டும் சம்பளத்துக்கு. அவர் பேப்பர் படிக்க வேண்டும். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைக்க வேண்டும். நாள் பூராவும் இதே பாடு.

"அவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கறதில்லை. நீங்க டம்ளரை ணங்குன்னு வைக்கறீங்க. உங்க வீட்டுக்காரர்னு நினைச்சுக்கோங்கம்மா."

"அப்படித்தான் சார் நினைக்கிறேன்" என்றாள் அவள், அலுப்போடு.

"என் தம்பி சம்சாரமே இந்த வேலையைக் கேட்கிறா. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலைதான்னு ரூல் இருக்கறதால தப்பிச்சீங்க. வெளியில வேற ஜோடி ரெடி. இன்னிக்கு ஒரு நாள் பார்ப்பேன்."

இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது.

மத்தியானம் பெரிய கூட்டம். அவள் டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள். அவர் பேப்பரை மடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"காலையிலேருந்து நின்னுட்டே இருக்கியே. கொஞ்சம் உட்காரேன். சாப்பிட்டியா?"

அப்படி ஒருவர் அவளைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! கண் கலங்கிவிட்டது.

"நீங்க சாப்பிடாம நான் எப்படி..." என்றாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி தன் கணவரை முழங்கையால் இடித்தாள். "பாருங்க, இதுதான் குடும்பம். கத்துக்கோங்க."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். வேலை தப்பியது.

சாயங்காலம் வேஷத்தைக் கலைத்துவிட்டு அவர் முன்வாசல் வழியாகப் போனார். சற்றுப் பொறுத்து அவள் பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். பஸ்ஸில் இடமில்லை, நின்றே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படிதான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை மனதுக்குள் இதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து, மொபைலில் மூழ்கிக் கிடந்த கணவர் முன் வைத்தாள். அவர் பார்வையைத் திருப்பாமலே சாப்பிட ஆரம்பித்தார்.

"நான் சாப்பிட்டேனான்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"அதான் மத்தியானமே அவ்வளவு பேர் முன்னாடி கேட்டேனே" என்றார், நிமிராமல்.