தேரிக்கு ஒரு துணி

வருடத்துக்கு ஒரு முறை ஜெபக்கனி சாயவேரின் சிவப்புச் சாற்றில் முக்கியெடுக்கும் துணியைப் பார்த்துத்தான் தேரிக்காட்டுச் செம்மணலுக்கு அரசாங்க இயந்திரங்கள் நிறம் ஏற்றும். ஒரு காலத்தில் அவள் தேரியைப் பார்த்துத் துணிக்குச் சாயம் போட்டவள். இப்போது எல்லாம் தலைகீழ். வேறு யார் முக்கியெடுத்த துணியையும் இயந்திரங்கள் ஏற்கவில்லை. அதனால் பன்னிரண்டு வருடங்களாக அவளுக்கு ஊரைவிட்டுப் போக அனுமதியில்லை. கோவையில் இருக்கும் மகளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன. ஒன்றைக்கூட அவள் தூக்கிக் கொஞ்சியதில்லை.

இந்த முறை, கடுக்காய் ஏற்றிய துணியைத் துருப்பிடித்த இரும்பு வாளியில் வேண்டுமென்றே ஊறவைத்தாள். செக்கச்செவேலென்று வரவேண்டியது, கடுக்காயும் இரும்பும் சேர்ந்ததில் கரிச்சட்டிபோலக் கறுத்தது.

"எனக்குக் கைப்பக்குவம் போயிட்டு சார். எழுதிக் குடுத்து என்னைய விட்ருங்க," என்று அதிகாரி மாசிலாமணியிடம் அதைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பையும் கையுமாக பஸ்ஸுக்கு நின்றாள். காலடி மணல் கறுக்கத் தொடங்கியது. அவள் செருப்பைத் தாண்டி, பனைகளைத் தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கறுப்பு பரவியது.

மாசிலாமணி ஜீப்பிலிருந்து இறங்கினார். முகமெல்லாம் பல்.

"செவப்புக்கு ஒரு புள்ள தேறிட்டா, அவ துணிய மெஷின் ஏத்துக்கிச்சு. ஒங்கள அனுப்பிரலாம்னுதாம்மா இருந்தோம்," என்றபடி அவள் பையை வாங்கி ஜீப்பில் வைத்தார். "ஆனா மேலிடத்துக்கு இந்தக் கறுப்பு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இது ஒங்க கைக்கு மட்டுந்தான வரும்?"