மூன்றாம் றக்அத்

றஸாக் தீவுக்கரையில் கையை உயர்த்தித் தொழுகைக்குத் தக்பீர் சொன்னதுதான் தாமதம், அச்சிமுகம்மது தோணியைத் தண்ணீருக்குள் தள்ளினான்.

தொழுகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அதிலும் றஸாக்! பாம்பு காலில் ஏறினாலும் தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கும்வரை அசையாத பிறவி. அவன் முகம் மேற்கே கிப்லாவுக்கு, தோணி கிழக்கே அவன் முதுகுக்கு. இதைவிடத் தோதான இடம் இனி எங்கே வாய்க்கும்?

"மச்சான், தோணிய ஒருக்காப் பாத்துக்க. ரெண்டு றக்அத்துத்தானே, இந்தா வந்திட்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

பார்த்துக்கொண்டான். அச்சிமுகம்மது நன்றாகவே பார்த்துக்கொண்டான்.

கல்லோயா ஆற்றை மறித்துக் கட்டி இந்தக் குளம் நிறைந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது. குளமா இது? கடல். மருதமுனை நெசவுச் சாரனும் உப்பும் ஏற்றிப் போய், மேற்கரைக் காட்டுச் சனங்களிடம் தேனுக்கு மாற்றி வருவதென்று இரண்டு பேரும் கல்முனையிலிருந்து புறப்பட்டு இது மூன்றாம் நாள். அரிசி, சட்டி, பாய் எல்லாம் தோணியிலேயே. பொழுதுபட்டால் ஏதாவதொரு தீவில் சோறு காய்ச்சிச் சாப்பிட்டுப் படுக்கை. தீவென்றால் வேறென்ன, முழுகிப்போன மலையின் உச்சந்தலை. ஆள் நடமாட்டம் கிடையாது. வேறு தோணியும் இந்தப் பக்கம் வராது. நெசவுக்காரன் றஸாக்குக்கு நீந்தவும் தெரியாது.

அவனைக் கொல்ல வேண்டுமென்று அச்சிமுகம்மது நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை.

நாச்சியா வேண்டும், அவ்வளவுதான். தாய்மாமன் மகள். அவள் உனக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே வீடெல்லாம் சொல்லிச் சொல்லி ஆசையை வளர்த்துவிட்டார்கள். கடைசியில் மாமா என்ன செய்தார்? வெள்ளாமை வெட்டியதும் நிக்காஹ் என்று இந்தத் தொழுகைக்காரனுக்குப் பேசி முடித்துவிட்டார். வயிறு எரியாதா மனிசனுக்கு?

யோசனை லேசானதுதான். இருபது பாகம் தள்ளிப் போய் நிற்பது. அவன் ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்ப்பான். பதறுவான். கரையில் அங்கும் இங்கும் ஓடிக் கத்துவான். அப்போது கேட்பது: நாச்சியா வேண்டாமென்று அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொல்லு, ஏற்றுகிறேன். சொல்லிவிடுவான். ஆணையிட்டால் மீறவும் மாட்டான். அவனிடமுள்ள வசதியே அதுதான்.

பத்துப் பாகம் போயிருப்பான். தண்ணீருக்குள் நின்ற பட்டமரமொன்றில் துடுப்பு மோதி டொக்கென்று குளம் முழுக்கக் கேட்டது.

அச்சிமுகம்மது துடுப்பை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தான்.

றஸாக்கின் தோள் விறைத்தது. கேட்டுவிட்டது. சத்தம் கரையிலிருந்து வரவில்லை, நடுத்தண்ணீரிலிருந்து வருகிறது என்று விளங்காதவனா அவன்? ஆனாலும் திரும்பவில்லை. ருகூவுக்குக் குனிந்தான்.

குனியட்டும், குனியட்டும். எவ்வளவு நேரத்துக்கு?

இரண்டாம் றக்அத்தும் முடிந்து அத்தஹிய்யாத் ஓத உட்கார்ந்திருந்தான். பயணத்தில் இருக்கிறவனுக்கு நடுப்பகல் லுஹர்த் தொழுகையின் நாலு சுற்று றக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். மூன்று நாளும் அவன் அப்படித்தான் தொழுதான். இனி வலப்பக்கம் ஒரு ஸலாம், இடப்பக்கம் ஒரு ஸலாம், மறுகா திரும்ப வேண்டியதுதான். சொல்ல வேண்டியதை அச்சிமுகம்மது நாக்கு நுனியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

ஸலாம் வரவில்லை.

றஸாக் எழுந்து நின்று, மூன்றாம் றக்அத்துக்குக் கையைக் கட்டினான்.

மறந்துவிட்டானா? றஸாக்கா மறப்பான்!

ஓதப்பள்ளியில் லெப்பையிடம் அடிவாங்கிப் படித்தது அப்போதுதான் அச்சிமுகம்மதுக்கு உறைத்தது. தொழுதுகொண்டிருக்கும்போதே 'இனி நான் இங்கேதான்' என்று பயணி மனதில் நிய்யத் வைத்துவிட்டால், அதன் பிறகு சுருக்க முடியாது. நாலையும் முழுசாகத் தொழுதாக வேண்டும்.

கேட்பதற்கு முன்னமே பதிலைச் சொல்லிவிட்டான், படுபாவி.

அச்சிமுகம்மதுக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பிப் போகலாம். போய் எந்த முகத்தோடு முன்னால் நிற்பது? பகிடிக்குச் செய்தேன் என்றால் நம்பவா போகிறான்? ஏற்றிக்கொண்டு போனாலும் அவன் ஊரில் ஒரு சொல் கதைக்க மாட்டான். நாச்சியாவைக் கட்டுவான். பெருநாளைக்குப் பெருநாள் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திச் சோறு போடுவான். அதைவிடச் செருப்பால் அடித்தால் பரவாயில்லை.

"கத்துடா! ஒருக்காக் கத்துடா, ஏத்துறன்!"

அழுகுரலில் அச்சிமுகம்மதுதான் கத்தினான்.

றஸாக் அவசரமே இல்லாமல் ஸுஜூதுக்குத் தரையில் நெற்றி வைத்தான்.

அச்சிமுகம்மது கிழக்கே பார்த்துத் துடுப்பை வலிக்கத் தொடங்கினான். நாலாம் றக்அத் முடிவதற்குள், அந்த முகம் தெரியாத தூரத்துக்குப் போய்விட வேண்டும்.