அந்தப் புரதத்தின் வேலை

திரையில் ஒரு பாக்டீரியா வெடித்தது.

சத்தம் எதுவும் இல்லை. சின்னக் கோல் மாதிரி இருந்த அது நீண்டது, இன்னும் நீண்டது, ஓரிடத்தில் சுவர் தாங்காமல் உள்ளே இருந்ததெல்லாம் மங்கலாக வெளியே கசிந்தது. அவ்வளவுதான்.

அவள் படத்தைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி காட்டினாள். பேராசிரியர் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கிருமியின் சுவரை வளர்ப்பது ஒரு புரதம்தான் என்று சொன்னவர் அவர். அது இல்லாவிட்டால் சுவர் நீளாது, கிருமி குட்டையாகவே நின்றுவிடும். இதைச் சொல்லித்தான் பெயர் வாங்கினார். இந்த ஆய்வகமும் அப்படிக் கிடைத்ததுதான்.

அவள் அந்தப் புரதத்தை நீக்கிப் பார்த்தாள். கிருமி குட்டையாக நிற்கவில்லை. கேட்க ஆளில்லாத மாதிரி வளர்ந்து, வளர்ந்தே செத்தது.

"அது சுவர வளர்க்கல சார். வளரவிடாம பிடிச்சு வெச்சிருக்கு."

"உன் கை சரியில்ல. மறுபடி பண்ணு."

எத்தனையாவது மறுபடி என்று அவள் கேட்கவில்லை. கடைசி முறை தன் கையே படக்கூடாது என்று பக்கத்து மேஜைக்காரியைச் செய்யச் சொல்லியிருந்தாள். அவளுக்கும் வெடித்தது. அந்த மேஜைக்காரி இப்போது காது கேட்காதவள் போலத் தொட்டியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள்.

அவரோடு முட்டிக்கொண்டவர்கள் இதற்கு முன்பும் உண்டு. ஒருவன் வேறு ஊர் ஆய்வகத்துக்குப் போனான். ஒருத்தி படிப்பையே தலைமுழுகிவிட்டு பேக்கரி வைத்தாள், நன்றாகவே இருக்கிறாளாம். கதவை யாரும் பூட்டி வைக்கவில்லை.

அவளும் வேறிடத்துக்கு விண்ணப்பம் எழுதிப் பார்த்தாள். அனுப்பப் போன விரல், அதற்கப்புறம் என்ன ஆகும் என்று நினைத்ததும் தானாகப் பின்வாங்கியது.

"கட்டுரைல இந்தப் படம் வேண்டாம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "எடுத்துடு."

முன்னால் திரை, பின்னால் அவர். நாற்காலியை நகர்த்தக்கூட இடமில்லை.

"படம் இருக்கட்டும் சார். வேணும்னா என் பேர எடுத்துடுங்க."

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவர் நிமிர்ந்து, வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினார். பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

"சரி, கிளம்பு. நம்ம பாப்பாவுக்கு ஸ்கூல் விடற நேரமாச்சு. மிச்சத்த வீட்ல பேசிக்கலாம்."